புதன் பின்னேரம் நாலு பத்து

1

காலை ஒன்பது மணிக்கு வீட்டின் பின்வளவுக்குப் போய் ஒரு போத்தலைப் பார்ப்பது என் வழக்கம். பதினாறு வருடங்களாகச் செய்கிறேன். போத்தல் என்று பெயர் வைத்தவர் என் பெரியப்பாவின் மகன் தேவராசா அண்ணை. அதன் சரியான பெயர் மழைமானி. நேற்று ஒன்பதிலிருந்து இன்று ஒன்பது வரை பெய்த மழை அதற்குள் நிற்கும். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து வாசித்து, கொப்பியில் மில்லிமீற்றரில் எழுத வேண்டும். பக்கத்தில் வெள்ளை அடித்த பெட்டிக்குள் வெப்பமானிகள் தொங்குகின்றன, அவற்றையும் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையாக எழுதினால் மேலே ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதலாம். பக்கத்தைக் கிழிப்பது என்ற பேச்சே இல்லை. இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

எழுதி முடிக்க ஒன்பது ஐந்தாகும். அப்போது தொலைபேசி அடிக்கும். தேவண்ணையின் மனைவி யோகம் அண்ணி. "தம்பி, இண்டைக்குக் குடை வேணுமோ?" என்று கேட்பார். நான் சொல்வேன். "சரி, வைக்கிறன்" என்பார். பத்து மாதத்துக்கு மேல் ஒரு நாள் தவறாமல் வந்த அழைப்பு அது. இப்போது ஒன்பது நாளாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள் லண்டன் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

2

லண்டனில் எந்நேரமும் மழை கொட்டுவதாக அங்கே ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. கொட்டினால் ஒரு மரியாதை இருக்கும். இது சிணுங்கும். காலையில் சிணுங்கி, மத்தியானமும் சிணுங்கி, மறுநாள் போய்ப் பார்த்தால் 0.4 மில்லிமீற்றர். நமக்குக் கார்த்திகையில் ஒரு பின்னேரம் பெய்கிற மழையை வைத்து இந்த ஊர் இரண்டு மாதம் சீவிக்கும். பனியும் அப்படித்தான். நாங்கள் ஸ்னோ என்கிறோம். படத்தில் பார்த்துவிட்டு நீங்கள் பொறாமைப்படும் வெள்ளைப் பனி இங்கே வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விழும். விழுந்து இரண்டு மணித்தியாலத்தில் கறுப்புச் சேறாகும். பிறகு உறைந்து கண்ணாடியாகும். அதில் வழுக்கி விழுந்து என் மனைவி சாந்தி மணிக்கட்டை முறித்தாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய கைக்கு மாக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த நேரம் நிலம் மைனஸ் இரண்டாவது இருந்திருக்கும்" என்று நான் சொன்னேனாம். அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

காற்றுகளுக்கு இங்கே ஆட்களின் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்த ஒரு காற்று எங்கள் வேலியில் மூன்று பலகையைப் பிடுங்கி, பக்கத்து வீட்டுக் கிழவரின் கண்ணாடிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டது. உள்ளே தக்காளிக் கன்று வைத்திருந்தார். அவர் ஓடிவந்து கத்தும்போது நான் காற்றுமானி கட்டிய கம்பத்துக்குக் கீழே நின்று காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் மனிசனால் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது: உங்கள் வளவில் நிற்கும் கம்பம் என்ன, எதற்காக? படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்துக்குள் 'காற்று' என்று எழுதி அனுப்பினேன். விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது. அடுத்த முறை இரண்டரைப் பக்கம் எழுதினேன். அதன் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் ஆங்கிலத்தை இரண்டரைப் பக்கம் வாசித்த ஆள் களைத்துப்போயிருப்பார்.

மகள் அபி ஆறு வயதில் குடை பிடித்துக்கொண்டு என்னோடு வந்து நின்று இலக்கம் சொல்வாள். இப்போது இருபது வயது. "அப்பா, எல்லாம் ஃபோன்ல இருக்கு, வை ஆர் யூ ஸ்டில் டூயிங் திஸ்?" என்று குசினி யன்னலுக்குள்ளால் கேட்டுவிட்டுப் போவாள். எனக்குக் களஞ்சியசாலையில் ஷிப்ட் வேலை. அதிகாலை ஷிப்ட் வரும் கிழமையில் ஒன்பது மணிக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஒரு தடவை அவளிடம் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் ஒரு சொல் எழுதியிருந்தாள்: ஈரம். அதுவும் ஆங்கிலத்தில்.

அதன் பிறகுதான் அந்த வேலை தேவண்ணைக்குப் போனது. இரண்டு தெரு தள்ளி இருந்தார். பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கக் கதவால் வந்து, இலக்கத்தைச் சரியாக எழுதுவார். ஆனால் அதோடு நிற்கமாட்டார். '7.2. போத்தல் நிரம்பக் குடிச்சிருக்கு' என்று எழுதுவார். '0.0. இண்டைக்கு விரதம்' என்று எழுதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணை, விஞ்ஞானக் கொப்பிக்குள்ள விசர்க்கதை எழுதாதேங்கோ."

"டேய் நேசன், உன்ர இலக்கத்தை ஆரடா வாசிக்கப் போறான்? பின்னுக்கு ஆரும் எடுத்து வாசிச்சால் என்ர கதையைத்தான் வாசிப்பாங்கள்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது.

3

எனக்கு ஒரு பெயர் இருந்தது. வெதர் நேசன். எங்கள் பகுதித் தமிழ் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் நான் சொல்வதை வைத்துத்தான் கோயில் தேர் எத்தனை மணிக்கு வெளியே வருவது, பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு வளவில் பந்தல் போடுவதா மண்டபம் எடுப்பதா என்று தீர்மானிப்பார்கள். தொலைக்காட்சியில் 'சில இடங்களில் மழைக்கான வாய்ப்பு உண்டு' என்பார்கள். நம் ஆட்களுக்கு வாய்ப்பு என்ற சொல்லால் பயன் இல்லை. ஐயரிடம் நாள் கேட்டால் ஒரு நாளைச் சொல்வார், அப்படிச் சொல்ல வேண்டும். நானும் அப்படிச் சொல்லிப் பழகினேன். வரும் அல்லது வராது. அந்த மரியாதையில் மயங்கிப் போயிருந்தேன் என்று இப்போது எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அதைவிடப் பெரிய வெட்கம் பின்னால் வருகிறது.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஆவணியில் எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டி. மழை வரும் என்றேன். நிறுத்தினார்கள். வானம் துடைத்துவிட்டாற்போல் நின்று வெயில் எறித்தது. பொரித்த ரோல்ஸ் முழுவதும் மிஞ்சி, ஒரு கிழமை எல்லா வீட்டிலும் அதுதான் சாப்பாடு. நான் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பதாக யாரோ படம் செய்து குழுவில் போட்டார்கள். சென்னையில் இருந்து வந்த முரளி என்று ஒரு கணினிக்காரர் குழுவில் இருந்தார். "ஆமா சார், ஆப்லயே வெயில்னுதானே காட்டுச்சு, நீங்க பாக்கலையா?" என்று எழுதினார். நல்ல மனிதர், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த 'சார்' எனக்கு மாதக்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தது.

4

தேவண்ணை அடுத்து வந்த தை மாதத்தில் செத்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை மேசையில் வைத்தார், அவ்வளவுதான். அதற்கு முதல் நாள் என் கொப்பியில் எழுதியிருந்தார்: '3.8. பரவாயில்லை.'

லண்டனில் செத்தால் உடனே எரிக்க முடியாது. பத்திரங்கள் முடிய வேண்டும், பிறகு சுடலையில் இடம் கிடைக்க வேண்டும். குளிர்காலத்தில் கிழவர்கள் வரிசையாகப் போவார்கள், அந்த வரிசையில் நமக்கும் ஒரு இடம் வரும் வரை காத்திருப்பதுதான். எங்களுக்குப் பதினோராம் நாள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. அதைவிட்டால் இன்னும் இரண்டு கிழமைக்கு இடமில்லை.

அண்ணையின் ஒரே மகன் குகன் நோர்வேயின் வடக்கு நுனியில், ட்ரோம்சோ என்ற ஊரில் இருக்கிறான். கல்யாணம் செய்து அங்கே போனவன், கப்பல் திருத்தும் இடத்தில் வேலை. அந்த நேரம் பார்த்து அவனுடைய கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுபட்டிருந்தது. அவசரம் என்று கெஞ்சி, அழுது, மரணச் சான்றிதழ் அனுப்பி, வியாழன் காலையில் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். வியாழன் இரவு எட்டு மணிக்கு லண்டனில் இறங்குவான், வெள்ளி மத்தியானம் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பான். எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கணிப்புகளில் ஒரு தாழமுக்கம் தெரிந்தது. அத்திலாந்திக்கில் இருந்து நேரே லண்டனை நோக்கி, குளிர்ந்த காற்றின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. வியாழன் இரவு தொடங்கி வெள்ளி முழுவதும் பனி. அதிகாரபூர்வமாக மஞ்சள் எச்சரிக்கையும் வந்தது. அதில் 'சாத்தியம்' என்று இருந்தது. செத்தவீட்டில் கூடியிருந்த இருபது பேருக்கு முன்னால் நான் அதை 'நிச்சயம்' ஆக்கினேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு அடி ஸ்னோ கொட்டும். சுடலை மேட்டில இருக்கு, சவவண்டி ஏறாது. ஆக்களும் வர ஏலாது" என்றேன்.

"அப்ப குகன்?" என்று அண்ணி கேட்டார்.

"வியாழன் இரவு பிளேன் ஒண்டும் இறங்காது அண்ணி. பொறுத்தாலும் அவன் வந்து சேரமாட்டான்."

ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனத்து ஆள் ஒரு செய்தி வைத்திருந்தார். வியாழன் காலை ஒன்பதரைக்கு ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வேண்டுமென்றால் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை இடத்தையும் புதன் பின்னேரம் ஐந்து மணி வரை விடாமல் பிடித்து வைத்திருப்பார், மனம் மாறினால் ஐந்துக்கு முன் ஒரு சொல் சொன்னால் போதும். நல்ல மனிதர். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள், ஒரு ஆளைத் தவிர.

குகன் தொலைபேசியில் வந்தான். அண்ணி என்னிடம் தந்தார்.

"சித்தப்பா, ஒரு நாள் பொறுக்க ஏலாதோ? நான் எப்பிடியும் வந்திடுவன்."

"இறங்காதடா தம்பி."

"இஞ்ச ஒவ்வொரு நாளும் ஸ்னோவுக்குள்ளதானே இறங்குது."

"இது நோர்வே இல்லை ராசா. இஞ்ச ரெண்டு இஞ்சு ஸ்னோவுக்கு நாடே படுத்திடும். நான் சொல்லுறன், கேள்."

"அப்ப உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?" என்றான். தெரியும் என்றேன். வியாழன் காலை இடத்தை எடுத்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் என் கதை முழுப் பொய். என் அப்பா ஊரில் செத்தபோது எனக்கு இங்கே அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. அப்பாவுக்கு யார் கொள்ளி வைத்தது என்று கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை. ஆகவே ஒரு மகனுக்கு அது என்ன என்று தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது.

5

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டிருந்தேன். நடுப்பகல் அவதானங்களை வைத்துச் செய்யும் கணிப்பு பின்னேரம் நாலு மணியளவில் இணையத்தில் வரும். தேத்தண்ணியோடு குசினி மேசையில் இருந்து பார்த்தேன். தாழமுக்கம் தெற்கே நழுவி பிரான்சுக்குப் போயிருந்தது. இன்னொரு கணிப்பைத் திறந்தேன். அதிலும் பிரான்ஸ். மூன்றாவதிலும் அதே கதை. பதினைந்து வருடம் இதைப் பார்த்தவனுக்கு மூன்றும் ஒன்றாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

கை பழக்கத்தில் கொப்பியை எடுத்தது. எழுதினேன்: 'புதன் பி.ப. 4.10. தாழமுக்கம் தெற்கே போய்விட்டது. வெள்ளி லண்டனில் பனி இல்லை. விமானத்துக்கும் தடை இல்லை. நிச்சயம்.' நிச்சயம் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

ஐந்து மணிக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. ஒரு சொல் போதும். ஈமச்சடங்கு ஆளின் இலக்கம் என் தொலைபேசியிலேயே இருந்தது. அதை எடுத்தேன். அழைப்பதற்கு முன் குழுவைத் திறந்தேன். 'வெள்ளி பனி நிச்சயம், தேவராசா அண்ணையின் கிரியை வியாழனுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்ற என் செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். 'நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அண்ணை.' 'நேசன் அண்ணை இல்லாவிட்டால் என்ன பாடு.' முரளியும் எழுதியிருந்தார்: 'இந்த தடவை கரெக்டா சொல்லிட்டீங்க சார்.'

'திருத்தம்' என்று ஒரு சொல் தட்டினேன். அழித்தேன். கொப்பியில்தான் அழிக்கக் கூடாது, தொலைபேசியில் அழிக்கலாம். கணிப்பு திரும்பவும் மாறலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மாறாது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். எல்லாரும் வியாழனுக்கு லீவு எடுத்துவிட்டார்கள், ஐயருக்குச் சொல்லியாயிற்று, இனிக் குழப்பக் கூடாது என்றும் சொன்னேன். ரோல்ஸ் மிஞ்சிய கதையை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. உண்மை அவ்வளவுதான்.

முன்னறையில் இருந்து சாந்தி கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, அண்ணி லைன்ல நிக்கிறா. நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணுமெண்டு கேக்கிறா."

சுவர் மணிக்கூட்டில் நாலு நாற்பது.

"எட்டு மணிக்கு எண்டு சொல்லு" என்றேன்.

ஐந்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் குக்கர் விசிலடித்தது. சாந்தி வந்து இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள். செத்தவீட்டில் யார் அதைப் பார்ப்பார்கள்? அவர்களுக்குத்தான் நான் இருந்தேனே.

6

வியாழன் காலை கிரியை குறைவில்லாமல் நடந்தது. சுண்ணம் இடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். யார் கொள்ளி வைப்பது என்று ஐயர் கேட்டார். அண்ணி எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"நீதான் தம்பி. குகனுக்குப் பதிலா நீ செய். அவருக்கு நீ கூடப்பிறந்த தம்பி மாதிரி."

லண்டனில் கொள்ளி என்பது சுவரில் ஒரு பட்டன். கீழறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நின்ற வெள்ளைக்காரர், ஆயத்தமானதும் அழுத்தலாம், அவசரம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். பச்சை நிறம். அழுத்தியதும் உள்ளே இரைச்சல் கேட்டது. என் அப்பாவுக்குச் செய்யாததை நான் தேவண்ணைக்குச் செய்தேன், அவருடைய மகனிடம் இருந்து பறித்துச் செய்தேன்.

குகனின் விமானம் எட்டு நிமிடம் முந்தி இறங்கியது. முழங்கால் வரை வரும் பனிச் சப்பாத்தோடு வந்தான். நான் ஒரு அடி பனி என்று சொன்னதால் போட்டு வந்தது. வாசலில் அதைக் கழற்ற வெகு நேரம் எடுத்தான். உள்ளே வந்து தகப்பனின் படத்தைப் பார்த்தான், பிறகு தாயின் மடியில் முகத்தை வைத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானம் நீலம். தையில் லண்டனில் அப்படி ஒரு நாள் கிடைப்பது அருமை. சாம்பல் எடுக்கக் குகனை நான்தான் காரில் கூட்டிப்போனேன். பன்னிரண்டு மணி. தகப்பனுக்கு முதலில் குறித்த நேரம். அவன் சுடலை முற்றத்தில் சாம்பல் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தான்.

"நல்ல வெய்யில், சித்தப்பா."

"ஓம்."

"ஸ்னோ வராதெண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"இண்டைக்குக் காலமைதான்டா."

தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் 0.0 என்று எழுதினேன்.

7

யாரும் என்னைத் திட்டவில்லை. குழுவில் ஒருவரும் படம் செய்து போடவில்லை. முரளி தனியாக எழுதினார்: 'மனசுல வச்சுக்காதீங்க சார், இயற்கையை யார் முழுசா கணிக்க முடியும்.' நான் குழுவை விட்டு விலகினேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஒன்பது ஐந்துக்கு அண்ணியின் முதல் அழைப்பு வந்தது. "அவர்தான் உன்ர வளவுக்கு வந்திட்டுப் போய் எனக்குக் குடை வேணுமோ வேண்டாமோ எண்டு சொல்லுறவர். இனி நீதான் சொல்ல வேணும்" என்றார். என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "நீ என்ன செய்வாய் தம்பி, வானம் எங்களை ஏமாத்திப் போட்டுது" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும். எனக்குக் காய்ச்சல் வந்த நாளும் அடித்தது. ஷிப்டில் நிற்கும்போது களஞ்சியத்து இரைச்சலுக்குள் கேட்டார். குடை வேண்டும், வேண்டாம், கோட் போடுங்கோ, சால்வை போதும். முன்னூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன், ஒன்றும் பிழைக்கவில்லை. பிழைக்காமல் இருக்க இரவு படுக்கப்போகும் முன் மூன்று கணிப்பையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இப்படி ஒரு சரியான வானிலையாளன் அந்தப் புதன்கிழமை எங்கே போயிருந்தான் என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டதுண்டு.

8

போன கிழமைக்கு முந்திய ஞாயிறு தேவண்ணையின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருடம். அன்று விடியப் பனி விழுந்தது. விளையாட்டுப் பனி இல்லை, அளவுகோலை நட்டுப் பார்த்தேன், பதினொரு சென்ரிமீற்றர். ரயில் ஓடியது. பஸ் மெதுவாக என்றாலும் ஓடியது. கிழக்கு லண்டனில் உள்ள பார்க்கிங், அப்டன் பார்க் பகுதிகளில் இருந்தும் சனம் வந்து சேர்ந்தது. மேட்டில் இருக்கும் அதே சுடலைக்குக் கறுப்பு வண்டி ஒன்று ஏறிப் போனதை நானே கண்டேன். குகனின் விமானம் அன்று காலை இருபத்தைந்து நிமிடம் பிந்தி இறங்கியது. அதாவது, அந்த வெள்ளிக்கிழமை பனி வந்திருந்தாலும் ஒன்றும் நின்றிருக்காது.

திவசம் முடிந்து கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கக் குகன் விரும்பினான். அதில் தகப்பனின் கடைசிக் கையெழுத்தைப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என் கொப்பியில் இருக்கிறது. காலை ஒன்பது ஐந்துக்கு அண்ணி குடையைக் கேட்டுவிட்டு, "கொப்பியை மறக்காமல் கொண்டு வா தம்பி" என்றார்.

கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். இடது பக்கத்தில் தேவண்ணையின் '3.8. பரவாயில்லை.' வலது பக்கத்தில், பன்னிரண்டு வரி கீழே, நாலு பத்து. கிழிக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். குகன் இங்கே வளர்ந்தவன், தமிழ் கதைப்பான், எழுத்துக்கூட்டி இரண்டு சொல் வாசிப்பான், என் கிறுக்கல் அவனுக்கு விளங்காது. அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம், தேவாரப் புத்தகத்தையே மணத்திப் பார்த்துத்தான் வாசிப்பவர். இடது பக்கத்தைப் படம் எடுப்பார்கள், கொப்பியை மூடிக் கொண்டு வந்துவிடலாம். ஒரு கிழவியின் கண் தெரியாமையை நம்பி அந்த வீட்டுப் படி ஏறினேன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மேசையில் கொப்பியை விரித்தோம். குகன் படம் எடுத்தான். அண்ணி கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். கையை நீட்டி, தூரத்தில் பிடித்து, கடகடவென்று வாசித்தார்.

"'0.0. இண்டைக்கு விரதம்.' ஐயோ, இந்த மனிசன்! '3.8. பரவாயில்லை.'" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அண்ணிக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமை. ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு வருடம் காத்திருந்து கிடைத்தது. காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது நான்தான்.

குகன் வலது பக்கத்தில் விரலை வைத்தான். "அம்மா, இதில மட்டும் என்ன இவ்வளவு நீளமா எழுதியிருக்கு? சித்தப்பான்ர எழுத்து. புதன் எண்டு கிடக்கு, அந்தப் புதன்தானே?"

அண்ணி வாசித்தார். இந்தத் தடவை சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. கண் கடைசி வரியில் நின்றது, மேலே போய்த் திரும்பவும் வாசித்தது. நேரம் எழுதியிருந்த இடத்தில் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். ஐந்து மணிக் கெடு அவருக்கும் தெரியும். எட்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று நான் நாலு நாற்பதுக்குச் சொல்லிவிட்டதும் தெரியும்.

"என்னம்மா?" என்றான் குகன்.

"காத்தின்ர கணக்கு ராசா. உனக்கு விளங்காது."

கொப்பியை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, "சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடு" என்றார். குகன் கோப்பை நிறைய விட்டுத் தந்தான். நான் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதையும் குடித்தேன்.

மகனுக்காக மறைத்தாரா, எனக்காகவா என்று அன்று யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. எனக்காக இல்லை.

9

மறுநாள் ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. சுகமில்லையாக்கும் என்று சாந்தி சொன்னாள். அடுத்த நாள், "அண்ணியோட கொழுவிப் போட்டியளோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை.

நேற்று முன்தினம் மத்தியானம் வேலையால் வரும்போது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பஸ் தரிப்பில் அண்ணி நிற்பதைக் கண்டேன். கையில் மரக்கறிப் பை. கூரை இல்லாத தரிப்பு. குடை இல்லை. மேற்கே வானம் கறுத்திருந்தது, இரண்டு மணிக்கு முன் மழை வரும் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணி, மழை வரப்போகுது. ஏறுங்கோ."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு, புதுக் கண்ணால் வானத்தை ஆறுதலாகப் பார்த்தார்.

"வரட்டும்" என்றார்.

பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தது, அது அவருடைய பஸ் இல்லை. நான் காரை எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்று ஐம்பதுக்கு மழை பிடித்தது. மறுநாள் ஒன்பது மணிக்குப் போத்தலில் 4.6 இருந்தது, எழுதி வைத்திருக்கிறேன்.